நிற்காத இடத்துக்குக் கையெழுத்து இல்லை

ஒரு பட்டன் போனுக்குக் கண் இருக்கிறது என்று நான் முழுமனதாக நம்பியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய இரண்டு வருஷம். அந்தப் போனில் கேமராகூடக் கிடையாது. இருந்தும் அதன் முன்னால் சட்டை மாற்ற மாட்டேன். யாரைப் பற்றியாவது குறை பேச வேண்டுமென்றால் அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பேசுவேன். அப்போது எனக்கு முப்பது வயது. கல்யாணமாகியிருந்தது. தேர்தலில் ஓட்டுகூடப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த நம்பிக்கையை எனக்குள் ஏற்படுத்தியவர் ஓர் அக்கா. பெயர் வேண்டாம். ஆபீஸில் எம்.டி. முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். எம்.டி. அவரைவிடப் பத்து வயது சின்னவர். கோபம் வந்தால் மட்டும் 'மேடம்' என்பார்.

ஓசூரில் பாகலூர் ரோட்டில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது இது. சுற்றுப்புறத்தைப் பார்த்து நடந்துகொள்ளும் ஒரு அப்ளிகேஷனைப் போனுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். சத்தமான இடத்தில் இருந்தால் போன் தானாக மணியைக் கூட்டிக்கொள்ளும். அமைதியான அறைக்குள் போனால் குறைத்துக்கொள்ளும். டவரைப் பார்த்து இது தமிழ்நாடா கர்நாடகாவா என்று கண்டுபிடித்து, எல்லை தாண்டினால் எச்சரிக்கும். நான்கு பேர் உட்கார்ந்து புரோகிராம் எழுதினார்கள். அக்காவும் நானும் அது சொன்னபடி நடக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும்.

எனக்குக் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது. தெற்கேயிருந்து பிழைக்க வந்து, ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் முடிந்து, வீட்டில் சும்மா இருந்தவன். அக்காதான் என்னை இன்டர்வியூ செய்தார். ஒரே ஒரு கேள்வி.

"கிருஷ்ணகிரியிலேர்ந்து ஊத்தங்கரைக்குப் போற பஸ்ஸு எல்லாம் உனக்குத் தெரியுமா?"

ஒவ்வொரு பஸ்ஸையும் நேரத்தோடு சொன்னேன். பெண் எடுத்த ஊர் கிருஷ்ணகிரி. அந்த பஸ் ஸ்டாண்டில் நான் நின்ற நேரத்துக்கு எனக்கு ஒரு பெஞ்சைப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கலாம். வேலை கிடைத்துவிட்டது.

அக்கா நல்ல குள்ளம். நூல் சேலை கட்டி, அதற்குக் கீழே தொழிற்சாலையில் கொடுக்கிற கறுப்பு சேஃப்டி ஷூ போட்டிருப்பார். பார்க்கிறவர்கள் இரண்டு தரம் பார்ப்பார்கள். "நாள் பூரா நிக்கறவ வேற என்னாத்தப் போடறது?" என்பார். எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "அங்க நின்னியா?"

மழை பெய்கிறது என்று ஜன்னலோரம் இருக்கிறவன் சொன்னால்கூட இதே கேள்விதான். எம்.டி. ஒரு தடவை, பெங்களூரில் ஒரு ஓட்டலில் தோசை நன்றாக இருக்கும் என்றார். "நீங்க சாப்டீங்களா, சொல்லக் கேட்டீங்களா சார்?" என்றார் அக்கா. எம்.டி. அன்றைக்கு அதற்கு மேல் தோசையைப் பற்றிப் பேசவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேஜை மேல் வைத்து டெஸ்ட் செய்து 'சரி' என்று எழுதி முடித்த போன் ஒன்றை அக்கா எடுத்தார். டிபன் கேரியர் இருக்கிற ஒயர் கூடைக்குள் போட்டு, மேலே துண்டைச் சுருட்டி வைத்து, என்னை அந்தக் கூடையோடு ஒரு பட்டறைக்குள் அனுப்பினார். உள்ளே பிரஸ் மெஷின் இடி இடிப்பது மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. வெளியே நின்று அக்கா எனக்குப் போன் போட்டிருக்கிறார். ஒருமுறை அல்ல, ஆறு முறை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தால், துண்டுக்கு அடியில் இருந்த போன் தன்னை அமைதியான அறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, மணியை நன்றாகக் குறைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது.

"ஷிப்டுக்குப் போறவன் போன மேஜ மேலயா வெச்சிருப்பான்?" என்று எழுதுகிறவர்களிடம் கேட்டார். அவர்கள் நால்வரும் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு போனது நான்தானே.

கல்யாணத்துக்கு அக்கா மொய்க்கவரோடு ஐந்து போனும் கொண்டுபோவார். ஒருமுறை ராயக்கோட்டை பக்கம் ஒரு முகூர்த்தம். கெட்டிமேளச் சத்தத்தில் போன் மணியை உச்சத்துக்குக் கூட்டிக்கொண்டது. மேளம் நின்றது. ஐயர் மந்திரம் சொல்ல வாயைத் திறந்தார். அக்கா புடவைத் தலைப்புக்குள் கையை விட்டு, பக்கத்தில் இருந்த என் பையிலிருந்த போனுக்கு ஒரு கால் போட்டார். மணவறையில் மாப்பிள்ளை தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். முந்நூறு பேர் என்னையே பார்க்கிறார்கள். அக்காவும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, யாரோ ஒரு அநாகரிகப் பிறவியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, நோட்டில் எழுதினார்: 'மேளம் நின்ற பிறகும் எட்டு வினாடி சத்தம் குறையவில்லை.' பிறகு நிம்மதியாகப் பந்திக்குப் போனார்.

ஜூஜுவாடியில் இன்னும் மோசம். போன் எந்த இடத்தில் மாநிலம் மாறுகிறது என்று பார்க்க, செக்போஸ்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு கையிலும் போனோடு நடந்தார். போகும்போது எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம் கழித்துத்தான் 'கர்நாடகா' என்றது. திரும்பி வரும்போது டீக்கடையைத் தாண்டியும் கர்நாடகாவை விட மாட்டேன் என்றது. அக்கா விடுவாரா? பதினேழு முறை நடந்தார். பதினெட்டாவது முறை ஒரு காவலாளி வந்து மறித்தார்.

"ஏனம்மா, ஏனு ஹுடுக்தா இதீரா?" என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறார்.

"டவரு" என்றார் அக்கா.

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைத் தெரியாதவன்போல டீயை ஊதினேன். அக்கா விஷயத்தை விளக்கியதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அரைத் தமிழில், "அந்தப் புளியமரம் நோடி, பாரும்மா. மரத்துக்கு இந்தப் பக்கம் நின்னு ஊட்டுக்குப் பேசுவேன். அந்தக் கட போனா ரோமிங்கு. ஊட்டுக்காரி பேசிட்டே இருப்பா, நானு நடந்துட்டே போயி கட் ஆயிடுச்சும்பேன்" என்றார். அக்கா இதையும் எழுதிக்கொண்டார். உண்மையிலேயே ஒரு மனிதன் நின்று பார்த்துச் சொன்ன சேதி இல்லையா. அப்புறம் அந்தப் புளியமரத்தடியில் அக்காவும் நின்று பார்த்தார்.

அக்கா இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது என்று நினைத்தால் இல்லை, முன்பும் இப்படித்தான். பதினோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்திருக்கிறார். அவர் அளந்து பார்க்காத ஒரு லாட் சரக்குக்கு, லாரி வெளியே நிற்கிறது என்று கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். போடவில்லை. அடுத்த மாத ஷிப்டு லிஸ்டில் அவர் பெயர் இல்லை. இதை அவர் கதையாகச் சொன்னதில்லை. ஒருநாள் பஸ்ஸில் வரும்போது, "நான் அளக்காத பெட்டிக்கு நான் எப்படிப்பா கையெழுத்துப் போடறது?" என்றார். அவ்வளவுதான். உடனே ஜன்னல் பக்கம் போனை நீட்டிக் காற்றுச் சத்தத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் கையெழுத்தில்தான் நான் போய் விழுந்தேன்.

பஸ்ஸும் லாரியும் ஓட்டுகிற ஒரு கம்பெனி எங்கள் அப்ளிகேஷனை வாங்குவதாக இருந்தது. வியாழக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன் நான்கு ஊரில் பார்த்த டெஸ்ட் சீட்டுகள் கையெழுத்தோடு தயாராக இருக்க வேண்டும். டெஸ்ட் செய்கிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர் என்று எம்.டி. எங்கோ படித்துவிட்டு வந்து ஒரு சட்டம் போட்டிருந்தார். கையெழுத்து அக்காவுடையது. பாகலூர், ஜூஜுவாடி, கிருஷ்ணகிரி மூன்றும் முடிந்தன. பாக்கி ஊத்தங்கரை.

"வெள்ளி, சனி ரெண்டு நாளு நான் லீவு. நீ ஊத்தங்கரை போயிட்டு வந்துரு தம்பி. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு நாளும் அரை அரை மணி நேரம் நில்லு" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரி வரை ஒழுங்காகப் போனேன். அங்கே மாமியார் வீடு இருந்தது. அங்கே டி.வி. இருந்தது. டி.வி.யில் கிரிக்கெட் இருந்தது. ஆட்டுக்கால் குழம்பும் இருந்தது. ஊத்தங்கரை எங்கேயும் ஓடிவிடாது என்று சோபாவில் சாய்ந்தேன்.

மதியம் டெஸ்ட் போன் அடித்தது. அக்கா. டி.வி.யின் வாயை அடைத்துவிட்டு எடுத்தேன்.

"எங்கப்பா இருக்க?"

"ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டுலக்கா."

"எந்தப் பக்கம்?"

"உள்ள நுழைஞ்சா எடது கைப் பக்கம். டீக்கடைகிட்ட."

"கூட்டமா?"

"நிக்க எடமில்லக்கா."

"சத்தத்தையே காணமே."

"இப்பத்தான் ஒரு பஸ்ஸு போச்சு. ஏற முடியாதவங்கல்லாம் அப்படியே சும்மா நிக்கறாங்க."

அக்கா பக்கம்தான் ஒரே ஹாரன் சத்தம். லீவு நாளில் கடைத்தெருவுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, சரி. நெழல்ல நில்லு" என்று வைத்துவிட்டார்.

என் மேல்தான் அவருக்கு எத்தனை பிரியம் என்று உருகிக்கொண்டே போனைப் பார்த்தால், திரையில் 'அமைதியான அறை' என்று இருந்தது. இடம் என்று சொல்லவில்லை, அறை என்கிறது. நான் அறைக்குள் இருப்பது இதற்கு எப்படித் தெரிந்தது? எனக்கே சொல்கிறதென்றால் ஆபீஸுக்குச் சொல்லாமலா இருக்கும்? அப்ளிகேஷனை எழுதிய நால்வரில் ஒருவனுக்கு என்மேல் ஏற்கெனவே ஒரு கண். ஒரு தலையணையை எடுத்துப் போன் மேல் வைத்தேன். காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினேன். பிறகு பயந்து வெளியே எடுத்துத் துடைத்தேன்.

மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மாப்ள, போனுக்குப் போத்தி உடறீங்க? குளுருதா அதுக்கு?"

சனிக்கிழமை தெளிவாக யோசித்தேன். என் வாழ்க்கையில் நான் தெளிவாக யோசித்த நாட்களை எல்லாம் இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. ஊத்தங்கரையைப் பார்க்க வேண்டியது போன்தானே? நான் எதற்கு? கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஊத்தங்கரை போகும் தனியார் பஸ்ஸின் கண்டக்டரிடம் போனை நீட்டினேன். பூமாலை, மருந்து, மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தில் கண்டக்டர் கையில்தான் கொடுத்து அனுப்புவார்கள்.

"பார்சலா? அங்க யாரு வந்து வாங்கிக்குவாங்க?"

"யாரும் வர மாட்டாங்கண்ணே. ஊத்தங்கரை போயி அரை மணி நேரம் இருந்துட்டு வந்துரணும்."

"யாரு?"

"போனு."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அங்க அதுக்கு வேல ஏதாச்சும் இருக்குதா?"

"சும்மா இருந்தாப் போதும்ணே. அடிச்சா எடுக்க வேணாம்."

"வழியில சாப்புட எதுனா வாங்கிக் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, போனைத் தோல் பைக்குள் சில்லறையோடு போட்டுக்கொண்டு போனார்.

மாலை நான்கு மணிக்கு அதே பஸ் திரும்பி வந்தது. "நல்லபடியா போயிட்டு வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவர் சிரித்ததில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. நானே அவர் இடத்தில் இருந்தால் உருண்டு சிரித்திருப்பேன். போனில் மூன்று மிஸ்டு கால் இருந்தது, அக்காவிடமிருந்து. பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மாமியார் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு நாள் சீட்டையும் நிரப்பினேன். எல்லாக் கட்டத்திலும் 'சரி.'

திங்கட்கிழமை அக்கா என் சீட்டை வாங்கி மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் டெஸ்ட் போன். அதற்குப் பக்கத்தில் தன்னுடைய நோட்டைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"சனிக்கிழமை. ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டு. பன்னெண்டு அம்பது. போன் இருந்த எடம், கண்டக்டர் பை. உள்ள சில்லறை, டிக்கெட்டுக் கட்டு. மூணு கால். ரெண்டு கேக்கல. பஸ் இஞ்சின் நின்னப்பறம் மூணாவது லேசாக் கேட்டுச்சு. பையிக்குள்ள போன் அமைதியான அறைன்னு நெனச்சிருக்குது."

என் காதில் ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டு முழுவதும் இரைந்தது. பைக்குள் இருந்த டிக்கெட்டுக் கட்டைக்கூட இந்தப் போன் பார்த்திருக்கிறது. என்னை எத்தனை பார்த்திருக்கும்?

கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமியார் வீடு, மேட்ச், குழம்பு, தலையணை, கண்டக்டர். பாகலூர் டெஸ்டில் பத்து நிமிஷம் பேக்கரியில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். ஆபீஸ் பேனா இரண்டு வீட்டில் இருப்பதைச் சொன்னேன். போனைப் பார்த்துப் பார்த்தே சொன்னேன். பொய் கலந்தால் அது திருத்திவிடுமே என்ற பயம்.

"முடிஞ்சிதா?" என்றார் அக்கா.

"முடிஞ்சுதுக்கா."

என் சீட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'ஆள் நிற்கவில்லை' என்று எழுதினார். அதற்குமேல் ஒரு சொல் திட்டவில்லை. "உன்ன மாதிரி ஆளுங்கதானப்பா பாதிப் பேரு போன் வெச்சிருக்கறாங்க. லிஸ்டுல சேத்துக்கலாம்" என்றார். போனை இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்பதை நிஜமாகவே டெஸ்ட் பட்டியலில் சேர்த்தார்.

அப்போதுதான் எம்.டி. வந்தார்.

"கையெழுத்து ஆச்சா அக்கா?"

"ஆவல சார். கண்டக்டர் பையில இருந்தா மணி கேக்கல. அதச் சரி பண்ணணும்."

"வியாழக்கிழமை பார்ட்டி வராங்க. ஒரே ஒரு இடத்துக்காக நிறுத்த முடியுமா? போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

"சரி பண்ணிட்டு நான் ஒருவாட்டி நின்னு பாத்துட்டுப் போடறேன் சார்."

"மேடம்" என்றார் எம்.டி. அறையில் கீபோர்டுச் சத்தம் நின்றது. "சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வரலன்னா, நாளையிலேர்ந்து இந்த மேஜையில வேற ஆளு உக்காருவாங்க."

அக்கா நோட்டை மூடினார். ஒயர் கூடையை எடுத்து மடியில் வைத்தார். பதினோரு வருஷ வேலையை விட்டபோதும் இப்படித்தான் எடுத்திருப்பார் என்று தோன்றியது. முகத்தில் ஒன்றுமில்லை. விரல் மட்டும் கூடையின் ஒயரை நெருடிக்கொண்டிருந்தது.

எம்.டி. இன்னும் அடங்கவில்லை. "போயும் போயும் கண்டக்டர் பையில போன யாரு போடுவா? யாராச்சும் போட்டாங்களா? இதெல்லாம் நீங்களா கற்பனை பண்றது."

"நான் போட்டேன் சார்" என்றது ஒரு குரல். என்னுடையது.

வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். மேஜை மேல் அந்தப் போன் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருப்பதை அது பார்த்துக்கொண்டிருந்தது. எப்படியும் அது சொல்லிவிடும், முந்திக்கொள்வோம் என்றுதான் எழுந்தேன். முழுக் கதையையும் இரண்டாம் தடவை சொன்னேன், குழம்பு உட்பட. எழுதுகிறவர்கள் நால்வரும் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார்கள்.

எம்.டி.யின் காது சிவந்தது. என்னை என்ன செய்யலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது அக்கா கேட்டார்.

"அந்தப் பார்ட்டிகிட்ட பஸ்ஸு ஓடுதுல்ல சார்?"

"ஓடுது."

"கண்டக்டர் போன எங்க வெப்பாரு?"

எம்.டி. ஜன்னல் வழியாகப் பாகலூர் ரோட்டைப் பார்த்தார். ஒரு டவுன் பஸ் போனது. படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டரின் தோளில் பை ஆடியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்ட்டிக்குப் போன் செய்து, இரண்டு வாரம் தள்ளிக் கேட்டார். அவர்கள் கொடுத்தார்கள். எனக்கு ஒரு வாரச் சம்பளம் வெட்டினார்கள். சரிசெய்த அப்ளிகேஷனோடு அக்கா ஊத்தங்கரை போய்வந்து கையெழுத்துப் போட்டார். நீலப் பேனா, சின்ன எழுத்து, கீழே ஒரு புள்ளி.

அதற்குப் பிறகு நான் பிழை செய்யாத டெஸ்டராகிவிட்டேன். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன். போனை வைக்கும்போது 'வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். அக்காவுக்கு இது தெரியும். என் பக்கம் திரும்பி உட்காரும்படி போனை நகர்த்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். ஒரு தடவைகூட உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்தில் தொடுதிரைப் போன்கள் வந்தன. எங்கள் அப்ளிகேஷன் செய்ததையெல்லாம் அவை தாமாகவே செய்தன. ஆபீஸை மூடினார்கள். அக்கா வேறு வேலைக்குப் போகிறார், நான் மூட்டை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இனி என்ன பயம் என்று கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்தப் போனு எப்படிக்கா கண்டக்டர் பைக்குள்ள இருந்ததப் பாத்துச்சு?"

அக்கா சிரித்த சிரிப்பில் கீழே பெயிண்ட் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அடங்குவதற்கு வெகுநேரம் ஆனது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

என்மேல் சந்தேகப்பட்டு ஒன்றுமில்லை. தான் நிற்காத இடத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று வெள்ளியும் சனியும் லீவு போட்டுவிட்டு அவரே ஊத்தங்கரைக்குப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை நான் கூட்டத்தில் நிற்க இடமில்லாமல் இருந்த அந்த டீக்கடைக்கு முன்னால்தான், ஆளில்லாத பெஞ்சில், டீ கிளாஸோடு உட்கார்ந்து என்னிடம் பேசியிருக்கிறார். சனிக்கிழமை என் போனுக்கு மூன்று தரம் அடித்தார். மூன்றாவதில் பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் பைக்குள்ளிருந்து மணி கேட்டது. கண்டக்டரிடம் கேட்டு வாங்கி, அரை மணி நேரம் டெஸ்ட் செய்து, நோட்டில் எழுதிக்கொண்டு, கொடுத்தவனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, போனைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டு, ஓசூர் பஸ் ஏறி வந்துவிட்டார்.